புகையே வராத வண்டி காற்றைக் கெடுக்குமா?

கேள்வி இதுதான்: "என்னுடையது பிஎஸ் 6 ஸ்கூட்டர். புகை டெஸ்ட்டில் எப்போதும் பாஸ். சைலன்சர் வாயில் விரலை விட்டுத் தேய்த்தாலும் கரி ஒட்டுவதில்லை. அப்படியிருக்க, என் வண்டியாலும் காற்று கெடுகிறது, பூமி சூடாகிறது என்று ஏன் சொல்கிறார்கள்? காற்று மாசும் பருவநிலை மாற்றமும் ஒன்றுதானா?"

ஒன்றல்ல. ஒரே சைலன்சரிலிருந்து கிளம்பும் இரண்டு வேறு பிரச்சினைகள் அவை. ஒன்றைத் தீர்க்கும் கருவி மற்றதைத் தொடுவதுகூட இல்லை. என்ஜின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படித்தவர்களிடம்கூட இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அதனால்தான் "பாஸ் ஆகிவிட்டதே, இன்னும் என்ன" என்ற கேள்வி வருகிறது.

முதலில் என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பெட்ரோலில் பெரும்பாலும் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும். அது முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்சும். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், கரித்துகள் எல்லாம் சேர்ந்து வரும். இவை போக, சிலிண்டருக்குள் இருக்கும் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிவிடும். மூச்சைக் கெடுப்பவை இந்த இரண்டாவது, மூன்றாவது வகையறாக்கள். பூமியைச் சூடாக்குவதில் பெரும்பங்கு முதலாவதற்கு, அதாவது ஒழுங்காக எரிந்ததற்கு. என்ஜினை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும்.

எவ்வளவு வரும்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. டீசல் என்றால் ஏறக்குறைய 2.7 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதானே, அது எப்படி 2.3 கிலோ ஆகும் என்று பலர் நம்ப மறுப்பார்கள். அந்த முக்கால் கிலோவில் கார்பன் மட்டும் சுமார் 640 கிராம். ஒவ்வொரு கார்பன் அணுவும் வெளிக்காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இழுத்துக்கொள்கிறது. கூடுதல் எடை அங்கிருந்து வருகிறது. உங்கள் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 9,000 கிலோமீட்டர் ஓட்டினால் 200 லிட்டர். அப்படியானால் 460 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, விரலில் ஒட்டுவதும் இல்லை.

இப்போது பிஎஸ் 6, அதாவது வண்டிப் புகைக்கு அரசு விதித்த பாரத் ஸ்டேஜ் தரம், என்ன செய்கிறது என்று பாருங்கள். சைலன்சர் குழாய்க்குள் ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு கட்டி, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. புகை அதன் வழியே போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாத பெட்ரோல் ஆவி கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆகிறது. நைட்ரஜன் ஆக்சைடு பிரிந்து வெறும் நைட்ரஜனாகிறது. அருமையான ஏற்பாடு, சந்தேகமே இல்லை. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும் விஷம். அதை இல்லாமல் செய்வது பெரிய காரியம். ஆனால் கார்பன் டை ஆக்சைடை அந்தக் கருவி ஒன்றும் செய்வதில்லை. சொல்லப்போனால், கார்பன் உள்ள மற்ற வாயுக்களை அதுவாக மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது.

கன்வெர்ட்டருக்கு ஒரு பலவீனமும் உண்டு. சுமார் 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலை செய்யத் தொடங்கும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருகிறோமே, அந்தப் பயணத்தில் அது சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் நகரத்தின் அழுக்கான பயணங்கள் இந்தக் குட்டிப் பயணங்கள்தான். இன்னொன்று, ஈயமும் கந்தகமும் அந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். இந்தியா 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை முழுதாக எடுத்ததற்கும், 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்தபோது எரிபொருளின் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்கு இறக்கியதற்கும் இதுவும் ஒரு காரணம். ஈயத்தை எடுத்ததில் குழந்தைகளின் மூளைக்குக் கிடைத்த பாதுகாப்பு தனி.

புகை டெஸ்ட்டுக்கு வருகிறேன். பெட்ரோல் பங்க் ஓரத்தில் ஒரு சிறிய அறை, அல்லது ஒரு ஆம்னி வேன். வண்டியை ஸ்டாண்டு போட்டு ஆன் செய்யச் சொல்வார்கள். ஒரு பையன் சைலன்சருக்குள் கம்பியைச் செருகுவான். நம்பர் பிளேட்டைப் படமெடுப்பான். திரையில் கார்பன் மோனாக்சைடு சதவீதத்திலும் ஹைட்ரோகார்பன் பிபிஎம்மிலும் வரும். அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். டீசல் வண்டி என்றால் ஆக்சிலரேட்டரைச் சில தடவை முழுதாக மிதிக்கச் சொல்லி, புகை வழியே ஒளி எவ்வளவு மறைகிறது என்று அளப்பார்கள். அவ்வளவுதான் டெஸ்ட். வண்டி நின்ற இடத்தில் சும்மா உறுமும்போது எடுத்த அளவு அது. கத்திப்பாரா மேம்பாலத்தில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு முறுக்கும்போது வருவது வேறு. நைட்ரஜன் ஆக்சைடு அதில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் இல்லை. கார்பன் டை ஆக்சைடுக்கு வரம்பே கிடையாது. கார்களுக்கு அந்த வரம்பு வேறு இடத்தில் இருக்கிறது: ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு விதித்திருக்கிறார்கள். அதை வாங்கியவர் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே பாஸ் என்றால் உங்கள் வண்டி படுமோசமாக இல்லை என்று பொருள். அந்தச் சோதனை வேண்டும், கம்பியைச் செருகாமலே சான்றிதழ் கொடுக்கும் இடங்களை மூட வேண்டும். ஆனால் அந்தக் காகிதத்தில் இல்லாததை இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

சோதனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு போகலாம் என்பதற்கு 2015-ல் உலகமே சாட்சி. ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களில் ஒரு மென்பொருள் இருந்தது. கார் சோதனையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் மாசுக் கட்டுப்பாட்டை முழுதாக இயக்கும். சாலைக்கு வந்ததும் தளர்த்திவிடும். நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை போனது. உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி வண்டிகள். சாலையிலேயே கருவியைப் பொருத்தி அளக்கும் முறை பல நாடுகளில் கட்டாயமானதற்கு இந்த மோசடியும் ஒரு தூண்டுதல். இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் பிஎஸ் 6-ன் இரண்டாம் கட்டமாக அது வந்திருக்கிறது.

சைலன்சரை விட்டு வெளியே வந்ததோடு கதை முடிந்துவிடுவதில்லை. 1943 கோடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண் எரியும் பழுப்பு மூட்டம் ஒன்று கவிந்தது. செயற்கை ரப்பருக்கான மூலப்பொருள் செய்யும் ஒரு ஆலைதான் காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். ஆலை நின்றது, மூட்டம் நிற்கவில்லை. ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர் அங்கே கால்டெக் என்ற தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்கு என்ன காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே கருவிகளை நகரக் காற்றின் பக்கம் திருப்பினார். கார்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் கலந்து ஓசோன் உண்டாகிறது என்று 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். அந்த ஊரில் டயர் ரப்பர் சீக்கிரமே வெடித்துப் பிளந்ததற்கும் அந்த ஓசோன்தான் காரணம். ரப்பர் எவ்வளவு வேகமாக வெடிக்கிறது என்பதை வைத்தே ஓசோனை அளந்திருக்கிறார்கள்.

எந்த வண்டியின் குழாயிலிருந்தும் ஓசோன் நேராக வருவதில்லை. வெயில்தான் சமைக்கிறது. நம் ஊரில் வெயிலுக்கு என்ன குறை? இதில் ஒரு விசித்திரம் உண்டு. புகை கக்கும் சிக்னலில் ஓசோன் குறைவாக இருக்கும், ஏனென்றால் அப்போதுதான் வெளிவந்த நைட்ரிக் ஆக்சைடு அதைத் தின்றுவிடும். காற்று அடித்துப் போகும் திசையில் உள்ள புறநகரில்தான் அது ஏறும். மரம் செடி உள்ள அமைதியான இடமாயிற்றே என்று அங்கே வீடு வாங்கியவருக்கு, தான் போகாத சாலையின் மாசு போய்ச் சேர்கிறது. ஓசோன் ஆஸ்துமாவைக் கிளறும், பயிரின் விளைச்சலையும் குறைக்கும்.

நுண்துகள் இதைவிடக் கொடியது. பி.எம். 2.5 என்பது தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள். மூக்கு முடியும் சளியும் அதைப் பிடிக்காது. நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கும், மிகச் சிறியவை ரத்தத்திலும் கலக்கும். ஆகவேதான் காற்று மாசால் வரும் சாவுகளில் பெரும்பகுதி மாரடைப்பும் பக்கவாதமும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக அறிவித்துவிட்டது. ஆண்டு சராசரி பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது இந்தியத் தரம். உலக சுகாதார அமைப்பு 2021-ல் வகுத்தது 5. "வரம்புக்குள் இருக்கிறது" என்று செய்தியில் படிக்கும்போது எந்த வரம்பு என்று கேளுங்கள்.

நகரக் காற்றின் பழி முழுவதும் வண்டிக்கு மட்டும் உரியதல்ல. அனல் மின் நிலையம், குப்பை எரிப்பு, கட்டட வேலை, சாலைப் புழுதி எல்லாம் சேர்ந்ததுதான். சென்னைக்கு மதியவாக்கில் கடல் காற்று வந்து கொஞ்சம் துடைத்துவிட்டுப் போகும். மார்கழி, தை விடியற்காலையில் அந்த உதவி கிடைக்காது. காற்று அசையாமல், புகை தரையோடு தங்கிவிடும். ஆனாலும் வண்டிப் புகைக்கு ஒரு தனிக் கொடுமை இருக்கிறது. அது ஆலைப் புகைபோல உயரத்தில் போகாமல் மூக்குக்கு நேராக வருகிறது. பெரிய சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளினால் நுண்துகள் வெகுவாகக் குறையும். அந்தச் சில நூறு மீட்டருக்குள்ளேயே நாளெல்லாம் இருப்பவர்கள் யார்? டிராஃபிக் போலீஸ்காரர், ஆட்டோக்காரர், பிளாட்பாரத்தில் பூ விற்கும் அம்மா. ஸ்கூட்டரில் அப்பாவின் முன்னால் நிற்கும் யூகேஜி குழந்தையின் முகம், முன்னால் நிற்கும் லாரியின் சைலன்சர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் விழுந்ததும் லாரி ஒரு உதை உதைத்துக் கிளம்பும்போது வரும் கருமேகம் அந்த முகத்தில்தான் படிகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இனி பருவநிலை. இரண்டு பிரச்சினைகளும் வேறு வேறு என்பதை 2020 பொதுமுடக்கம் தெளிவாகக் காட்டியது. மார்ச் 25-ல் நாடு அடைபட்டது. சில நாட்களிலேயே இந்திய நகரங்களின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு சரிந்ததைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தன. பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து பல ஆண்டுகளாகத் தெரியாத தௌலாதர் மலைத்தொடர் மறுபடி தெரிந்தது. நைட்ரஜன் டை ஆக்சைடின் ஆயுள் மணிக்கணக்கில்தான், நுண்துகளுக்கு நாள் கணக்கில். விடுவதை நிறுத்தினால் காற்று தானாகச் சுத்தமாகிவிடும்.

அதே சமயத்தில் ஹவாயின் மௌனா லோவா மலையில் என்ன நடந்தது? சார்ல்ஸ் கீலிங் 1958-ல் அங்கே கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது 315 பிபிஎம் இருந்தது. உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த 2020 மே மாதத்தில் 417-ஐத் தொட்டு, அதுவரை இல்லாத உச்சமாகப் பதிவானது. அந்த ஆண்டு முழுமைக்கும் உலகின் உமிழ்வு குறைந்தது சுமார் ஐந்து சதவீதம். மேல்நிலைத் தொட்டிக்குக் குழாயைக் கொஞ்சம் சின்னதாகத் திருகினால் தண்ணீர் ஏறுவது மெதுவாகுமே தவிர, மட்டம் இறங்காது. நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய பாதியைக் கடலும் மரங்களும் மண்ணும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றில் சேர்கிறது. அதில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் தாண்டியும் அங்கேயே இருக்கும். உங்கள் தாத்தா ஓட்டிய மோட்டார் சைக்கிள் கழிவு இரும்பாகிப் போயிருக்கும், அது விட்டதில் ஒரு பங்கு இன்னமும் மேலே இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் விட்டது மவுண்ட் ரோட்டிலேயே நிற்காது. உலகமெங்கும் கலந்துவிடும். உலக அளவில் எரிசக்தியால் வரும் கார்பன் டை ஆக்சைடில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு போக்குவரத்துடையது. அதில் முக்கால்வாசி சாலை வாகனங்கள்.

இரண்டு கணக்கிலும் வருபவையும் உண்டு. டீசல் கரித்துகள் நுரையீரலையும் கெடுக்கும், வெயிலை உறிஞ்சிக் காற்றையும் சூடாக்கும். பனி மேல் படிந்தால் உருகுவதை வேகப்படுத்தும். ஆனால் அது சில நாட்களில் தரையிறங்கிவிடும். ஆகவே கரியைக் குறைத்தால் இரு பக்கமும் உடனடி லாபம். ஓசோனும் அப்படித்தான். கந்தகத்திலிருந்து வரும் துகள் நேர்மாறானது: உடலுக்குக் கெடுதல், ஆனால் வெயிலைத் திருப்பியடித்துப் பூமியைச் சற்றுக் குளிர்விக்கும். அதற்காகக் கந்தகத்தை விட்டுவைக்க முடியாது. அதை எடுக்கும் வேகத்திலேயே கார்பன் டை ஆக்சைடையும் குறைக்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பொருள்.

ஒரு கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா உதாரணம். டீசல் கார் கிலோமீட்டருக்குக் குறைவான கார்பன் டை ஆக்சைடு விடும் என்று 1990-களின் இறுதியிலிருந்து வரிச்சலுகை கொடுத்து ஊக்குவித்தார்கள். ஒரு கட்டத்தில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல். பலன், நகரங்களில் நைட்ரஜன் டை ஆக்சைடு இறங்க மறுத்தது. டெல்லியில் மறுபக்கம் நடந்தது. உச்ச நீதிமன்றம் 1998-ல் உத்தரவிட்டு, 2002 இறுதிக்குள் நகரப் பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறின. கரும்புகை அடங்கியது, மூச்சுக்கு நல்லது. பருவநிலைக் கணக்கில் அதனால் கிடைத்தது சொற்பம், ஏனென்றால் சிஎன்ஜியை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடுதான், எரியாமல் கசிந்தால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வேறு.

நடைமுறைக்கு வருவோம். மூச்சின் கணக்குக்குப் பார்க்க வேண்டியது வண்டியின் நிலை. பூமியின் கணக்குக்குப் பார்க்க வேண்டியது எத்தனை லிட்டர் எரித்தோம் என்பது.

ஆளுக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 51 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும். லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் ஒருவர் மட்டும் போனால் 150-க்கு மேல். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் பேருந்து 675 கிராம் விடும், ஆனால் அதில் ஐம்பது பேர் இருந்தால் தலைக்கு 13 அல்லது 14 கிராம்தான். பழைய பேருந்தின் கரும்புகை அதன் பின்னால் நிற்பவருக்குக் கேடுதான், அதை மறுக்கவில்லை. அதனால்தான் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025-ல் மின்சாரப் பேருந்துகளை இறக்கியதை நான் இவ்வளவு முக்கியமாக நினைக்கிறேன். இரண்டு கணக்கையும் ஒன்றாகக் குறைக்கும் வழி அதைவிட எளிதாக வேறில்லை.

மின்சார ஸ்கூட்டர்? நூறு கிலோமீட்டருக்குத் தோராயமாக மூன்று யூனிட், சார்ஜிங் இழப்பையும் சேர்த்தால் மூன்றரை. இந்திய மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்படியானால் கிலோமீட்டருக்கு 25 கிராம், பெட்ரோலில் பாதி. நீங்கள் போகும் தெருவில் புகை பூஜ்யம். ஆனால் அந்த மின்சாரத்துக்கு எரியும் நிலக்கரியில் ஒரு பகுதி எண்ணூர்ப் பக்கம் எரிகிறது. அங்கே சாம்பலோடு வாழும் மீனவக் குடும்பங்களை மறந்துவிட்டு "சுத்தமான வண்டி" என்று சொல்ல எனக்கு மனம் வராது. முப்பந்தல் காற்றாலைகளும் சூரிய மின்சாரமும் கட்டமைப்பில் கூடக்கூட, அதே வண்டியின் 25 கிராம் தானாகக் குறையும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடையாது. டயர், பிரேக் தேய்மானத் துகள் எந்த வண்டிக்கும் உண்டு.

இருக்கும் வண்டியில் செய்ய வேண்டியது: ஏர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், சிக்னலில் அணைத்துவிடுங்கள். லாரி, வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஆட்ப்ளூ (டீசல் புகையின் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஊற்றும் யூரியாக் கரைசல்) செலவை மிச்சம் பிடிக்க, யூரியா இருப்பதுபோல் கம்ப்யூட்டரை ஏமாற்றும் பெட்டியைப் பொருத்தாதீர்கள், துகள் ஃபில்டரைக் கழற்றாதீர்கள். பிஎஸ் 4-ல் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமாக இருந்த துகள் வரம்பு பிஎஸ் 6-ல் 4.5 ஆனது அந்த ஃபில்டரால்தான். கழற்றினால் பழைய புகையே திரும்பி வரும்.

பழைய வண்டியை விற்றுவிட்டு உடனே மின்சார வண்டி வாங்க வேண்டுமா என்றால், ஓட்டும் தூரத்தைப் பொறுத்தது. தினமும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போகிறவர் மாறினால் வண்டியும் பேட்டரியும் செய்வதில் ஆன உமிழ்வு சீக்கிரம் ஈடாகிவிடும். வாரத்துக்கு ஒரு நாள் கோயிலுக்குப் போக மட்டும் எடுப்பவர், இருப்பதை ஒழுங்காகப் பராமரித்து ஓட்டலாம், மற்ற நாள் பேருந்து. விதிவிலக்கு டூ ஸ்ட்ரோக் வண்டி மட்டும். அதில் புதுப் பெட்ரோல் உள்ளே வரும் வழியும் புகை வெளியே போகும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். ஊற்றும் பெட்ரோலில் நாலில் ஒரு பங்குவரை, சில சமயம் அதற்கு மேலும், ஆயிலோடு சேர்ந்து எரியாமலே வெளியே போகும். வீட்டில் அப்படி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், எவ்வளவு குறைவாக ஓடினாலும் நிறுத்திவிடுங்கள்.